கற்றோர்முன் ஒரு கேள்வி

புனித வின்சென்ட் தே பவுல் சபையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. வாரந்தோறும் கூடும் சிறு கூட்டம், தொடக்கத்தில் செபமும் ஞான வாசகமும், முடிவில் யார் எவ்வளவு இட்டார் என்று தெரியாதவாறு சுற்றி வரும் காணிக்கைப் பை, பின்னர் இருவர் இருவராக ஏழையர் இல்லம் தேடிச் செல்லுதல் ஆகியவை நம் பங்கு வாழ்வோடு கலந்துவிட்டவை. ஆதரவற்ற மூதாட்டிக்கு அரிசி, படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம், நோயுற்றவருக்கு மருந்து என்று இச்சபையார் ஓசையின்றி ஆற்றிவரும் தொண்டு பெரிது.

ஆனால் அக்கூட்டங்களில் அமர்ந்திருப்போரை நோக்கினால், பெரும்பாலோர் நரை கண்டவர்களாகவே இருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஓய்வு பெற்ற பின்னர், இறைவனுக்கென ஒதுக்கிய நேரத்தை ஏழையருக்கென ஒதுக்கும் நல்ல உள்ளங்கள் அவை. அதனாலேயே, இது முதியோருக்குரிய பக்த சபை என்னும் எண்ணம் நம் இளைஞரிடையே வேரூன்றிவிட்டது. வரலாறு கூறுவதோ வேறு. இச்சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் ஏறத்தாழ இருபது வயது நிரம்பிய பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுள் முதன்மையானவர் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். துறவறம் பூணாமல், இல்லறத்தானாக, வகுப்பறையில் கற்பித்தும் நூல்கள் எழுதியும் வாழ்ந்து, நாற்பதாவது வயதில் மறைந்தார். அவரே அருளாளர் பிரெடரிக் ஓசானாம்.

கற்றவர் உலகுக்கு என்ன செய்ய இயலும் என்று வினவுவோருக்கு அவருடைய வாழ்வு தெளிவானதொரு விடையாக அமைகிறது. அதனைச் சற்று ஆழ்ந்து காண்போம்.

மருத்துவர் இல்லமும் பட்டு நகரமும்

ஓசானாம் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். அந்நகர் அன்று நெப்போலியனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை ஒரு மருத்துவர். சில ஆண்டுகளில் குடும்பம் தன் சொந்த ஊராகிய பிரான்சின் லியோன் நகருக்குத் திரும்பியது. பெற்றோருக்குப் பிறந்த 14 பிள்ளைகளுள் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்துபோயினர். இறப்பின் நிழல் அடிக்கடி விழுந்த அவ்வீட்டில் இறைப்பற்றும் பிறரன்பும் குறையவில்லை. கையில் பணமில்லாத நோயாளிகளையும் தந்தை தேடிச் சென்று பார்த்தார். 1837இல், அத்தகைய நோயாளி ஒருவரைக் காணச் சென்ற இடத்தில் மாடிப்படியில் தவறி விழுந்ததே அவருடைய இறப்புக்குக் காரணமாயிற்று.

பள்ளிப் பருவத்தின் இறுதியில் ஓசானாமின் உள்ளத்தை ஐயம் சூழ்ந்தது. தாய் மடியில் கற்ற நம்பிக்கை, நூல்களில் படித்த வாதங்களுக்கு முன் தளர்ந்தது. உறக்கம் இழந்து தவித்த அம்மாணவருக்கு, மெய்யியல் கற்பித்த அருட்தந்தை நுவாரோ துணையாக நின்றார். ஐயத்தை அடக்கிவிடுமாறு அவர் கட்டளையிடவில்லை. உடன் நடந்து, உரையாடி, சிந்திக்கக் கற்றுக்கொடுத்தார். உண்மையின் பணிக்கே தன் வாழ்வை அளிப்பதாக அந்த இருண்ட நாட்களில் ஓசானாம் இறைவனுக்கு வாக்களித்தார். பிற்காலத்தில் ஐயுறும் மாணவர்களிடம் அவர் காட்டிய பொறுமைக்கு ஊற்று இதுவே எனலாம்.

லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர் பெற்றது. பட்டாடைகள் அரண்மனைகளுக்குச் சென்றன. அவற்றை நெய்தவர்களோ உயர்ந்த கட்டடங்களின் நெருக்கடியான அறைகளில் தறியோடு தறியாக வாழ்ந்தனர். 1831 நவம்பரில், ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் கூலியை வணிகர் பலர் தர மறுத்தபோது, நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். பலர் உயிரிழந்தனர். சட்டம் பயில்வதற்காக ஓசானாம் பாரிசுக்குச் சென்றதும் அதே மாதத்தில்தான். கூலிக்காகத் தன் நகரத் தெருக்களில் சிந்திய அந்தக் குருதியை அவர் பிற்காலத்தில் மறக்கவே இல்லை.

விஞ்ஞானியின் வீட்டில்

பாரிசில் அவருக்குத் தங்க இடம் அளித்தவர் ஆந்த்ரே மரி ஆம்பியர். மின்னோட்டத்தின் அளவை இன்றும் எவருடைய பெயரால் குறிக்கிறோமோ அந்த மாபெரும் அறிவியலாளரே அவர். அவரும் லியோன் பகுதியைச் சேர்ந்தவர். அறிவியலின் கொடுமுடியில் நின்ற அம்முதியவர், ஆலயத்தின் ஒரு மூலையில் மண்டியிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததை இளைஞர் ஓசானாம் கண்டதாகவும், அக்காட்சி எத்தனையோ மறையுரைகளைவிட ஆழமாக அவருள் பதிந்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

பல்கலைக்கழகத்தின் சூழல் வேறாக இருந்தது. திருச்சபையின் காலம் முடிந்துவிட்டது என்பதே கற்றோர் பலருடைய கருத்து. மெய்யியல் பேராசிரியர் ஜூஃப்ருவா வகுப்பில் இறைவெளிப்பாட்டை மறுத்துப் பேசியபோது, ஓசானாமும் தோழரும் எழுந்து கூச்சலிடவில்லை. பாடத்தைப் புறக்கணிக்கவும் இல்லை. தங்கள் மறுப்பை ஒழுங்காக எழுதி அவரிடம் அளித்தனர். முதலில் பொருட்படுத்தாத பேராசிரியர், பின்னர் அதனை வகுப்பில் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. மாணவர்களின் நம்பிக்கையைப் புண்படுத்துவது தம் நோக்கமன்று என்றும் அவர் கூறினார். அறிவுக்கு அறிவாலேயே விடையளித்த முறை அது.

நம்பிக்கைக்கும் அறிவுக்கும் பகையில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால், பாரிசின் நோத்ருதாம் பேராலயத்தில் இளைஞருக்கெனத் தரமான உரைகள் நிகழ வேண்டுமென ஓசானாமும் நண்பர்களும் பேராயரிடம் விண்ணப்பித்தனர். அதன் பயனாக 1835இல் அருட்தந்தை லக்கோர்தேர் அங்கே ஆற்றிய தவக்கால உரைகளைக் கேட்கப் பாரிசின் அறிஞர் உலகமே திரண்டது. இன்றளவும் தொடரும் அவ்வுரை மரபின் தொடக்கத்தில் சில மாணவர்களின் கையொப்பம் இருக்கிறது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அந்தக் கேள்வி

எம்மானுவேல் பாயி என்னும் இதழாசிரியர், மாணவர்கள் கூடி வரலாறும் மெய்யியலும் விவாதிப்பதற்கு ஒரு மன்றம் நடத்திவந்தார். நம்பிக்கை உடையோரும் இல்லாதோரும் அங்கே வந்தனர். கிறிஸ்தவம் உலகுக்குச் செய்த நன்மைகளை ஓசானாம் அங்கே சான்றுகளோடு எடுத்துரைப்பார். அடிமைத்தளையை அது தளர்த்தியதையும், மருத்துவமனைகளைக் கண்டதையும், நூல்களைக் காத்ததையும் அடுக்கிக் காட்டுவார்.

ஒருநாள் எதிரணியினர் அதை மறுக்கவில்லை. கடந்த காலத்தில் கிறிஸ்தவம் பெரும் பணிகள் செய்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டு, இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டனர். கத்தோலிக்கர் என்று பெருமை பேசும் உங்களின் நம்பிக்கைக்குச் சான்றாக எதைக் காட்டுவீர்கள் என்று வினவினர்.

வாதத்தில் வல்லவரான ஓசானாமுக்கு அக்கேள்விக்கு விடை இருந்திருக்க முடியாது. வரலாற்று நூல்களில் தேடிக் கிடைக்கும் விடையன்று அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1832இல், காலரா என்னும் கொள்ளைநோய் பாரிசில் 18,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்திருந்தது. ஏழையர் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் அதன் கொடுமை மிகுதி. விதவைகளும் அநாதைகளும் நிறைந்த சந்துகள் பல்கலைக்கழக வாயிலிலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலேயே இருந்தன.

1833 ஏப்ரல் 23ஆம் நாள், ஓசானாம் இருபது வயதை நிறைவு செய்த அதே நாளில், பாயியின் இதழ் அலுவலகத்தில் எழுவர் கூடினர். பாயி, ஓசானாம், லெ தையாந்தியே, லமாஷ், லாலியே, கிளாவே, தெவோ என்போரே அவ்வெழுவர். பாயி தலைமை ஏற்றார். சொற்போரை விடுத்து ஏழையர் இல்லங்களுக்குச் செல்வதென்று முடிவாயிற்று. குளிர்காலம் கழிந்து தம்மிடம் எஞ்சியிருந்த விறகை ஓசானாமும் தோழர் ஒருவரும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்குச் சுமந்து சென்றதே முதல் தொண்டு என்று சபையின் மரபு கூறுகிறது.

எங்கே செல்வது, யாரைக் காண்பது, எப்படிப் பேசுவது என்று அம்மாணவர்களுக்குத் தெரியவில்லை. முஃப்தார் என்னும் ஏழையர் பகுதியில் நெடுங்காலம் தொண்டாற்றிவந்த பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரி ரோசாலி ராந்து அவர்களுக்கு வழிகாட்டினார். முதற்கண் குடும்பங்களின் முகவரிகளையும், ரொட்டிக்கும் விறகுக்குமான சீட்டுகளையும் அளித்தவர் அவரே. ஏழையைக் கேள்விகளால் துளைக்காமல் செவிமடுக்கவும், கீழே நோக்கிக் கொடுக்காமல் அருகில் அமர்ந்து பகிரவும் அவர் கற்றுக்கொடுத்தார். சட்டமும் மருத்துவமும் பயின்ற மாணவர்களுக்கு, பட்டம் பெறாத அக்கன்னியரே பேராசிரியர் ஆனார். 2003இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

அடுத்த ஆண்டு அம்மாணவர்கள் புனித வின்சென்ட் தே பவுலைத் தங்கள் பாதுகாவலராக ஏற்றனர். உறுப்பினர் தொகை நூறைத் தாண்டியபோது, ஒரே குழுவாக நீடிப்பதா, பங்குவாரியாகப் பிரிவதா என்னும் விவாதம் எழுந்தது. நட்பு சிதறிவிடும் என்று சிலர் அஞ்சினர். பல குழுக்களாகப் பிரிந்தால்தான் பலரைச் சேர முடியும் என்று ஓசானாம் வாதிட்டார். 1835இல் பிரிந்தனர். இன்று 150 நாடுகளுக்கு மேல் பரவி, நம் சிற்றூர்ப் பங்குகள் வரை வந்து சேர்ந்திருக்கும் அமைப்பு அந்த முடிவின் கனியாகும்.

படிக்கட்டில் கற்ற பாடம்

ஏழையரைக் கண்ட பின்னர் ஓசானாம் படிப்பைத் துறந்துவிடவில்லை என்பது இங்கே உற்று நோக்கத்தக்கது. தொண்டு ஒருபுறம், கல்வி ஒருபுறம் என்று அவர் வாழ்வைப் பிரித்துக்கொள்ளவும் இல்லை. 1836இல் சட்டத்திலும், 1839இல் தாந்தேயின் மெய்யியல் குறித்த ஆய்வுக்காக இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். ஏழையர் வீடுகளின் படிகளில் ஏறி இறங்கிக் கண்டவை அவருடைய பாடங்களுக்குள்ளேயே புகுந்தன.

1839இல் லியோன் நகரில் வணிகச் சட்டப் பேராசிரியராக அவர் பொறுப்பேற்றார். வணிகச் சட்டம் என்றால் ஒப்பந்தமும் கடன் பத்திரமும் என்றே எவரும் நினைப்பர். ஓசானாம் அவ்வகுப்பில் உழைப்பைப் பற்றியும் கூலியைப் பற்றியும் கற்பித்தார். மனிதரை மிகக் குறைந்த விலைக்கு மிகுந்த பயன் பெறும் கருவியாக முதலாளி கருதுவாராயின், அது சுரண்டல் என்றும், மனிதரைக் கருவியாக்குவது அடிமைத்தனத்தின் மறுவடிவமே என்றும் எடுத்துரைத்தார். அன்றாட வயிற்றுப்பாட்டோடு கூலி நின்றுவிடக் கூடாது, பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக் கால ஓய்வுக்கும் இடமளிப்பதாக அது அமைய வேண்டும் என்றார். தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டது 1891இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், நெசவாளரின் குருதி சிந்திய அதே நகரில், ஒரு பொதுநிலைப் பேராசிரியர் இவற்றைக் கூறிக்கொண்டிருந்தார்.

1836இல் நண்பர்களுக்கு எழுதிய மடல்களிலேயே இச்சிந்தனையின் வித்து காணப்படுகிறது. அளவுக்கு மீறி வைத்திருப்போருக்கும் எதுவும் இல்லாதோருக்கும் இடையே பெரும் மோதல் வரவிருக்கிறது என்றும், அவ்விரு தரப்பினர்க்கும் நடுவே கிறிஸ்தவர் சென்று நிற்க வேண்டும் என்றும் இருபத்துமூன்று வயதில் அவர் எழுதினார். நல்ல சமாரியர் உவமையை அவர் விளக்கிய முறையும் புதியது. அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தில் எண்ணெய் வார்ப்பது பிறரன்பு. அவ்வழியில் எவரும் அடிபடாமல் காப்பது நீதி. இரண்டும் வேண்டும் என்பது அவருடைய துணிபு. ரொட்டிச் சீட்டைக் கொண்டு சென்றவர், அவ்வீட்டில் ரொட்டி இல்லாமற்போனது ஏன் என்ற வினாவையும் திரும்பக் கொண்டுவந்தார். அவ்வினாவை ஆய்வதற்கு அவர் கற்ற கல்வி துணை செய்தது.

ஆசிரிய மேடையில்

1840இல் நாடளாவிய பேராசிரியர் தேர்வில் ஓசானாம் முதலிடம் பெற்றார். அதனால் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியத் துறையில் ஃபோரியெல் என்னும் அறிஞருக்குத் துணைவராக அழைக்கப்பட்டார். 1841 ஜூன் 23இல் அமெலி சுலக்ருவாவை மணந்தார். 1844இல் ஃபோரியெல் மறைந்தபின் முழுப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு மகள் மரி பிறந்தாள்.

அக்காலத்தில் கத்தோலிக்கர் பலர் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பகைப் பாசறையாகவே கருதினர். அங்கே பணிபுரிவது சமரசம் என்று கத்தோலிக்க ஏடுகள் சில ஓசானாமைக் குறை கூறவும் செய்தன. அவர் வெளியேறவில்லை. இறைநம்பிக்கை இல்லாத சக ஆசிரியரையும் மதித்துப் பழகினார். தம் நம்பிக்கையை ஒருநாளும் மறைக்கவும் இல்லை. 1840களின் நடுவில், இறைநம்பிக்கைக்குத் திரும்பிய வரலாற்று ஆசிரியர் லெனோர்மான் வகுப்பில் பேச முடியாதவாறு மாணவர் சிலர் கூச்சலிட்டபோது, ஓசானாம் எழுந்து மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றார். விடுதலையின் பெயரால் முழங்குவோர் பிறருடைய மனச்சான்றின் விடுதலையை மறுப்பது தகுமா என்று அவர் கேட்டதும் அரங்கம் அமைதியுற்றது.

அவருடைய ஆய்வும் உரமானது. உரோமைப் பேரரசு சரிந்தபோது நாகரிகமற்றோர் என்று இகழப்பட்ட இனங்களைத் திருச்சபை எவ்வாறு அணுகியது, அவர்களிடையே கல்வியும் சட்டமும் எவ்வாறு வேர் கொண்டன என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வுப்பொருள். செர்மானிய இனங்கள் குறித்த அவருடைய நூல் பிரெஞ்சுக் கல்விக் கழகத்தின் புகழ்பெற்ற கோபேர் பரிசைப் பெற்றது. இத்தாலியின் பிரான்சிஸ்கன் கவிஞர்களைப் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார். ஏழ்மையை மணந்த அசிசி பிரான்சிசும், ஏழையரைத் தேடிச் சென்ற பேராசிரியரும் அந்நூலில் சந்திக்கிறார்கள் எனலாம்.

இத்தனைக்கும் நடுவே இல்லச் சந்திப்பு நிற்கவில்லை. ஒரு புத்தாண்டு நாளில், தாம் அறிந்த ஏழைக் குடும்பம் ஒன்று தன் வீட்டிலிருந்த ஒரே நல்ல பொருளாகிய இழுப்பறைப் பெட்டியை அடகு வைத்துவிட்டது அவர் நினைவுக்கு வந்தது. மீட்டுக் கொடுக்க எண்ணினார். பின்பு வீட்டுச் செலவை எண்ணித் தயங்கினார். மாலையில் தம் மகளின் முன் குவிந்திருந்த விளையாட்டுப் பொருள்களைக் கண்டதும் உள்ளம் பொறுக்கவில்லை. உடனே சென்று அப்பெட்டியை மீட்டு அக்குடும்பத்தாரிடம் சேர்த்த பின்னரே அமைதி கொண்டார். தயங்கியதும் பின்னர் எழுந்து சென்றதும் ஆகிய இரண்டுமே குடும்பத் தலைவர் எவருக்கும் விளங்கும்.

1848: சோதனை ஆண்டு

1848 பிப்ரவரியில் இலண்டனில் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கை வெளிவந்தது. அதே மாதம் 10ஆம் நாள், பாரிசில் வெளிவந்த கத்தோலிக்க இதழ் ஒன்றில் ஓசானாம் ஒரு கட்டுரை எழுதினார். பேரரசரை விட்டுவிட்டுப் புதிய இனங்களின் பக்கம் திருச்சபை அன்று சென்றது போல, இன்று உழைக்கும் மக்களின் பக்கம் நாம் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வரலாற்றுப் பேராசிரியரின் ஆய்வு இங்கே அறைகூவலாக மாறியது. கட்டுரை வெளிவந்த இரண்டே வாரத்தில் புரட்சி மூண்டு மன்னராட்சி வீழ்ந்தது.

லக்கோர்தேரோடும் அருட்தந்தை மாரேயோடும் இணைந்து, 'புதிய யுகம்' என்னும் பொருளுடைய நாளேடு ஒன்றை ஓசானாம் ஏப்ரலில் தொடங்கினார். மக்களாட்சியையும் கிறிஸ்தவத்தையும் இணைத்துக் காண முயன்ற ஏடு அது. நண்பர்களின் வற்புறுத்தலால் தேர்தலிலும் நின்றார், தோற்றார். ஜூன் 23ஆம் நாள், வேலையற்றோருக்கான பட்டறைகளை அரசு மூட முற்பட்டதால் தொழிலாளர் எழுச்சி வெடித்தது. தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன, பீரங்கிகள் முழங்கின. போரிடும் இரு தரப்புக்கும் நடுவே பேராயர் சென்றால் குருதிப்பெருக்கு நிற்கலாம் என்று எண்ணிய ஓசானாம், நண்பர் இருவரோடு பேராயர் ஆஃப்ரை நாடினார். பேராயர் இசைந்தார். 25ஆம் நாள் மாலை சமாதானம் பேசச் சென்ற இடத்தில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். 27ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்விறப்பு ஓசானாமின் உள்ளத்தில் எத்தகைய சுமையாக அமைந்திருக்கும் என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

எழுச்சி அடக்கப்பட்டபின், வசதி படைத்தோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஓசானாமோ மீண்டும் ஏழையர் பகுதிக்கே சென்றார். அங்கே சந்து சந்தாக நடந்து கண்ட வறுமையை அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தம் நாளேட்டில் எழுதினார். நல்லோர் என்று பெயர் பெற்றவர்களை முன்னிறுத்தி, அவர்கள் கலகத்தைத்தான் அடக்கினார்கள், அதற்குக் காரணமான வறுமை அப்படியே இருக்கிறது என்று நினைவூட்டினார். அக்குரல் பலருக்குக் கசந்தது. 1849இல் அந்த நாளேடு அவர் கைக்கு அப்பால் சென்று முடிவுற்றது. உலகியல் கணக்கில் இவை தோல்விகளே. ஆயினும் அவர் எழுதிய சொற்கள் அழியவில்லை.

இறுதி வகுப்பு

நெடுநாள் உழைப்பால் உடல் நலிந்தது. 1852இல் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, பேராசிரியர் வரவில்லை என்று மாணவர்கள் ஆரவாரிப்பதாகச் செய்தி வந்தது. மனைவியும் மருத்துவரும் தடுத்தும் கேளாமல் எழுந்து உடுத்திச் சென்றார். தம் வாழ்வு மாணவர்களுக்கே உரியது என்றும், இறந்தாலும் அவர்களுக்கான பணியிலேயே இறப்பதாகவும் அவர்களிடம் கூறிவிட்டு, வழக்கத்தினும் சிறப்பாகப் பாடம் நடத்தினார். அதுவே சோர்போனில் அவருடைய இறுதி வகுப்பு.

உடல்நலம் தேடி இத்தாலிக்குச் சென்றார். அங்கும் ஓயாமல் வின்சென்ட் தே பவுல் குழுக்களைச் சந்தித்து ஊக்குவித்தார். 1853 ஏப்ரல் 23இல், பீசா நகரில், தம் நாற்பதாவது பிறந்த நாளன்று, எசேக்கியா மன்னரின் நோய்ப்படுக்கைப் பாடலைத் தழுவி ஒரு மன்றாட்டு எழுதினார். மனைவியையும் மகளையும் பணிகளையும் விட்டுப் பிரியும் துயரத்தை மறைக்காமல் எழுதி, இறைவன் அழைத்தால் வருகிறேன் என்று அதனை முடித்தார். தாயகம் திரும்பும் வழியில், மர்சேய் நகரில், செப்டம்பர் 8ஆம் நாள், அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்று உயிர் துறந்தார். பாரிசின் கார்மெல் ஆலயத்து நிலவறையில் அவர் துயில்கிறார். 1997 ஆகஸ்ட் 22இல், உலக இளையோர் நாள் கூட்டம் பாரிசில் நடைபெற்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை நோத்ருதாம் பேராலயத்தில் அருளாளராக உயர்த்தினார். இளைஞருக்கென உரைகள் வேண்டுமென்று மாணவராக அவர் விண்ணப்பித்த அதே பேராலயம் அது.

நம்முன் நிற்பது

இவ்வரலாற்றை நாம் நினைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கரில் எத்தனையோ குடும்பங்கள் கல்வியால் எழுந்தவை. மறைப்பணியாளர் நிறுவிய பள்ளியில் முதல் தலைமுறை எழுத்தறிந்தது. அடுத்த தலைமுறை பட்டம் பெற்றது. அதற்கடுத்த தலைமுறை நகரங்களிலும் அயல்நாடுகளிலும் உயர்ந்த பதவிகளில் அமர்ந்திருக்கிறது. இது இறைவன் தந்த கொடை. ஆனால் ஏணியில் ஏறியவர் எங்கே சென்று நிற்கிறார் என்பது கேட்கப்பட வேண்டியது. கல்வி நம்மை நம் மக்களிடமிருந்து தூரத்துக்குக் கொண்டுசென்ற ஏணியா, அவர்களுக்காகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த கண்ணா?

ஓசானாம் காட்டும் வழி இருபுறமும் நடக்கும் வழி. பல்கலைக்கழகத்திலிருந்து ஏழையின் வீட்டுக்கும், அங்கிருந்து மீண்டும் பல்கலைக்கழகத்துக்கும் அவர் நடந்தார். வீட்டுக்குச் செல்லாத கல்வி ஏட்டுச்சுரைக்காயாகவே நின்றிருக்கும். திரும்பி வராத தொண்டு, காரணத்தைத் தேடாமல் காயத்தை மட்டுமே கட்டிக்கொண்டிருந்திருக்கும். நம்மிடையே வழக்கறிஞர் உண்டு. கந்துவட்டியில் சிக்கியவரின் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்க்க அவரால் இயலும். மருத்துவர் உண்டு, ஒரே தெருவில் ஒரே நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறதென்று ஆராய அவரால் இயலும். பொருளியல் பயின்றவர் உண்டு. கூலிக் கணக்கைக் கேட்டு எழுத அவரால் இயலும். இல்லம் தேடிச் செல்லும்போது ஊருக்கும் சேரிக்கும் நடுவே நம் முன்னோர் இட்டுவைத்த கோட்டைத் தாண்டியே பலர் செல்ல வேண்டியிருக்கும். அக்கோட்டைத் தாண்டாத பிறரன்பு, எவ்வளவு தாராளமாயினும், அடுத்திருப்பவர் யார் என்று ஆண்டவரிடம் கேட்ட சட்ட அறிஞரின் நிலையிலேயே நின்றுவிடும்.

முதியோர் தோளில் தாங்கிவரும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு மாணவர்கள் புதியவர்கள் அல்லர்; அதன் தொடக்கக் குடியினரே அவர்கள்தாம். நம் கல்லூரி விடுதிகளிலும் இளையோர் இயக்கங்களிலும் ஐந்தாறு பேர் கூடி, தெரு ஒன்றைத் தேர்ந்து, ஒரு குடும்பத்தின் நட்பைப் பெறுவதற்குப் பெரும் நிதி எதுவும் தேவையில்லை. அவ்வெழுவரிடமும் நிதி இருக்கவில்லை. எஞ்சிய விறகும், வழிகாட்ட ஓர் அருட்சகோதரியும், ஒரு கேள்வியும் இருந்தன.

அக்கேள்வியைத் தொடுத்தவர்கள் நம்பிக்கை இல்லாதவர்கள். ஆயினும் அவர்கள் வாய்வழியே இறைவனே பேசினார் என்று ஓசானாமின் வாழ்வைக் கண்ட பிறகு நாம் துணிந்து கூறலாம். கடந்த கால நற்பணிகளின் பட்டியல் நம்மிடமும் நீளமாகவே உள்ளது; பள்ளிகள், மருத்துவமனைகள், அச்சகங்கள், அகராதிகள் என்று பெருமையோடு அடுக்கலாம். அடுக்கி முடித்த பின்னரும், இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்னும் கேள்வி நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும். கல்வி மிகுந்தோர் முன் அது மேலும் அழுத்தமாக நிற்கும். மிகுதியாகக் கொடுக்கப்பட்டவரிடம் மிகுதியாக எதிர்பார்க்கப்படும் என்பது நம் ஆண்டவரின் கணக்கல்லவா?